கட்டைவிரல் மாதிரி ஒன்று

சர்மா நகரில் தகரக் கூரை போட்ட கேரம் கிளப்.
டிவிக்குச் சத்தம் போய் ஆறு மாசம்.
நேற்று ராத்திரி அதில் ஒரு பாண்டா
குண்டியை அழுத்தி உட்கார்ந்து
மூங்கில் தின்றுகொண்டிருந்தது.
படத்துக்குக் கீழே தமிழில் எழுத்து ஓடியது.

"கரடிக்கு எவன்பா கேரம் காய் கலர் அட்ச்சது?"
என்றான் தேசிங்கு, பவுடரை ஊதிவிட்டு.
ஒன்பது கறுப்பும் ஒன்பது வெள்ளையும்
அவன் முன்னால் கலைந்து கிடந்தன.

நான் பார்த்தது அதன் கையை.

கொருக்குப்பேட்டை பிரஸ் பட்டறையில்
போன ஆடி மாசம் என் வலது கட்டைவிரல் போனது.
முதலாளி பன்னிரண்டாயிரம் கொடுத்தார்,
ஒரு டஜன் ஆரஞ்சும்.
ஸ்டான்லியில் தையல் பிரித்த அன்று
டாக்டரம்மா கேட்டார், எழுதுவீங்களா?
எழுத மாட்டேன், கேரம் ஆடுவேன் என்றேன்.
சீட்டில் எதையோ அடித்துவிட்டு
வேறெதையோ எழுதினார்.

பாண்டாவுக்கும் கட்டைவிரல் கிடையாதாம்.
ஐந்து விரலும் ஒரே வரிசை, ஒரே பக்கம்.
மூங்கிலைப் பிடித்திருப்பது மணிக்கட்டு எலும்பு.
புடைத்துப் புடைத்து
விரல் வேலைக்கு வந்துவிட்டது.
அதற்கு எத்தனை லட்சம் வருசம் ஆனதோ.
எனக்கு இன்னும் ஒன்பது மாசம்கூட ஆகவில்லை.

விடிந்ததிலிருந்து தின்கிறது.
வயிறு, கறி தின்ற வம்சத்து வயிறு.
கிடைப்பதோ மூங்கில்.
தின்றதில் ஐந்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டுமாம்.
மிச்சத்தை அங்கங்கே போட்டுவிட்டு
மறுபடி உட்கார்ந்துவிடுகிறது.
குளிரிலும் தூங்கப் போகாது;
தூங்க, உடம்பில் கொழுப்பு வேண்டுமே.
"நம்ம ஓவர்டைம் மாதிரி" என்று யாரோ சொன்னார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மலை வந்தது, மூடுபனியோடு.
எங்களுக்கு மலையென்றால் கொடுங்கையூர் குப்பைமேடு.
அதற்கும் தலையில் வெள்ளையாய் ஏதோ சுற்றும்,
தீப்பிடித்த நாட்களில்.
அந்த மலையில் ஒன்றையொன்று பார்க்காமலே
வாழ்ந்துவிடுகின்றன அவை.
ஒன்று மரத்தில் தேய்த்துவிட்டுப் போன வாசனையை
இன்னொன்று வாரம் கழித்து வந்து
முகர்ந்து படிக்கிறது.
ஓர் ஆண் பாண்டா தலைகீழாய்க் கையில் நின்று
மரத்தின்மேல் மூத்திரம் அடித்தது.
எவ்வளவு உயரமோ அவ்வளவு பெரிய ஆளாம்.
கிளப்பே எழுந்து கைதட்டியது.
கணேசபுரம் சப்வே சுவரில்
இவர்கள் எழுதாத எழுத்தா.

அப்புறம் குட்டி.
மயிரில்லாமல், செக்கச் சிவப்பாய்,
ஏழு ஸ்ட்ரைக்கர் சேர்த்தால் வருகிற எடை.
இரண்டு பிறந்தன.
காட்டில் தாய்க்கு ஒன்றுக்குத்தான் பால்.
ஒன்றை வாயால் கவ்வி மார்பில் வைத்துக்கொண்டது.
மற்றது குகைத் தரையில்
வாயைத் திறந்து திறந்து மூடியது.
டிவிக்குத்தான் சத்தம் இல்லையே.

தேசிங்கு தண்ணீர் குடிக்கப் போனான்.
ரெட்டையில் பிழைத்தவன் அவன்.
குடத்தடியில் ரொம்ப நேரம் நின்றான்.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ரயில்
சிக்னலுக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

மூங்கில் பூத்தால் பஞ்சம் என்று இங்கே ஒரு பேச்சு.
அங்கே அது நிஜம்.
ஒரு மலை முழுக்க ஒன்றாய்ப் பூத்து ஒன்றாய்ச் சாகும்.
முன்பு அடுத்த மலைக்கு நடந்து போகுமாம்.
இப்போது நடுவில் ரோடு.
எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் வரிசைக்கு இடையே
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தவர்கள் நாங்கள்.
யாரும் அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை.

தேசிங்கு வாயைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தான்.
போர்டில் சிவப்பு பாக்கி, என் கறுப்பு இரண்டு.
ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தேன்.
விரல் இருந்த இடத்து மேட்டைப்
பலகையில் ஊன்றினேன்.
அங்கே இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை,
ஆனால் சாய்ந்துகொள்ளலாம்.
நடுவிரலால் தள்ளினேன்.

சிவப்பு விழுந்தது.
ஃபாலோ விழவில்லை.

பையிலிருந்து அதை எடுத்துப்
போர்டு நடுவில் வைத்தான் தேசிங்கு,
மெதுவாக, இரண்டு கையாலும்,
குளிர் படக்கூடாத எதையோ வைப்பதுபோல.

"இப்ப என் ஆட்டம்" என்றான்.